பளிக்கறைக்கு வெளியே ஒரு பெண்: மஞ்சுளா பத்மநாபனின் சித்திரக் கலை

மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு காட்சி உண்டு. மலர் கொய்வதற்காக உவவனம் சென்ற மணிமேகலை, அங்கே வந்த அரசிளங்குமரன் உதயகுமரனின் கண்ணில் படாதிருக்கப் பளிங்கினால் ஆன அறையினுள் புகுந்துகொள்கிறாள். பளிங்குச் சுவர் அவளை மறைக்கவில்லை. உருவம் புறத்தே தெரிகிறது. அதனைக் கண்ட இளவரசன், உயிருள்ள பெண்ணென உணராது, அவ்வுருவைப் படைத்த ஓவியனின் உள்ளத்தை வியந்து நிற்கிறான். உள்ளே நெஞ்சு துடிக்க நிற்பவள் ஒருத்தி. வெளியே பாராட்டுப் பெறுபவனோ, இல்லாத ஒரு கலைஞன்!

பெண்ணுக்கும் சித்திரத்துக்கும் உள்ள உறவை இதனினும் நுட்பமாகக் காட்டும் இடம் நம் இலக்கியத்தில் அரிது. பெண் காணப்படும் பொருளாகிறாள்; காண்பவனும், வரைந்தவன் என எண்ணப்படுபவனும் ஆண்களே. இந்த நிலை நம் காலத்துப் பத்திரிகைச் சித்திரங்களிலும் சித்திரக்கதைகளிலும் எவ்வாறு தொடர்ந்தது, அதனை மாற்ற முற்பட்ட ஒரு பெண் கலைஞர் என்ன செய்தார், அவருடைய பணி சின்னக்கானல் மலையில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு எவ்வாறு பயன்படும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்கலைஞர் மஞ்சுளா பத்மநாபன். இந்திய நாளிதழ்களில் கேலிச்சித்திரத் தொடர் வரைந்த பெண்களில் முன்னோடி எனப் போற்றப்படுபவர் அவர்.

தூரிகை யார் கையில்?

தமிழில் பெண்கள் எழுதுகோல் ஏந்தியது நெடுங்காலத்துக்கு முன்பே. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் ஜகன்மோகினி இதழின் பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டுகள் நடத்திக் காட்டினார். எழுத்து பெண்ணின் கைக்கு வந்த அளவுக்குத் தூரிகை வரவில்லை. மாலி, கோபுலு, மணியம், சில்பி எனத் தமிழ்ப் பத்திரிகைச் சித்திரக் கலையின் பெரும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். சாண்டில்யனின் வரலாற்று நாவல்களுக்கு எழிலார்ந்த பெண்ணுருவங்களை வரைந்து தந்த ‘லதா’வும் ஓர் ஆண் கலைஞரே. சித்திரத்தின் கீழ் இருந்த பெண்பெயர்கூட ஓர் ஆணின் புனைபெயராக இருந்தது. இக்கலைஞர்களின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மறுபுறத்தில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது என்பதையே சுட்டுகிறோம்.

சிறுவர் இதழ்களிலும் இதே நிலைதான். 1947இல் தோன்றிய அம்புலிமாமாவும் 1972இல் தோன்றிய கோகுலமும் நம் இல்லங்களுக்குப் போடியிலிருந்து வந்து சேர்ந்தன. முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைத் தந்தது. 1984இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த லயன் காமிக்ஸின் முதல் இதழுக்கு நாயகி ஒரு பெண். மாடஸ்தி பிளைசி என்னும் வீராங்கனை. லயத்து வீடுகளில் அண்ணன்மார் வாங்கி வந்த அவ்விதழைத் தங்கையரும் ஒளித்து வைத்துப் படித்ததுண்டு. ஆயினும் அவ்வீராங்கனையைப் படைத்தவர் பீட்டர் ஓடோனல். முதலில் வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. இருவரும் ஆங்கிலேய ஆண்கள். நம் பெண் பிள்ளைகள் பெற்ற முதல் சித்திர வீராங்கனையும் பளிக்கறைக்குள் நின்றவளே.

நம் மலைக்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. தேயிலைப் பொட்டலங்களின் மேலும் சுற்றுலா விளம்பரங்களிலும் கொழுந்து கிள்ளும் பெண் ஒருத்தி எப்பொழுதும் சிரித்துக்கொண்டே நிற்கிறாள். அவளுடைய கூடையில் கனமில்லை. காலில் அட்டைக்கடி இல்லை. சேலையில் மழையின் ஈரமில்லை. அவளை வரைந்தவர் அவளுடைய வீட்டார் அல்லர் என்பது பார்த்தவுடனே விளங்கும்.

ஜப்பானியச் சிறுமியர் கண்ட மாற்றம்

இந்நிலை மாறக்கூடியதே என்பதற்கு ஜப்பான் நாடு சான்று பகர்கிறது. அங்கே சிறுமியருக்கென்றே தனி இதழ்களும் தனிச் சித்திரக்கதை மரபும் வளர்ந்தன. தொடக்கத்தில் அவற்றை வரைந்தவர்களும் பெரும்பாலும் ஆண்களே. 1953இல் தெசுகா ஒசாமு, ஆண் வேடம் பூண்ட இளவரசி ஒருத்தியின் கதையைச் சிறுமியர் இதழில் தொடங்கிப் பெரும்புகழ் எய்தினார். தெசுகாவின் கதைகளைப் படித்து வளர்ந்தவர் 1939இல் பிறந்த மிசுனோ ஹிதேகோ. ஷிமோனோசெகி என்னும் துறைமுக நகரத்துச் சிறுமி. நடுநிலைப் பள்ளி முடித்ததும் மீன்வலைத் தொழிற்சாலை வேலைக்குச் சென்ற அவர், ஓய்வு நேரத்தில் வரைந்து 1955இல், இன்னும் பதின்பருவம் கடவா வயதில், சிறுமியர் இதழில் தம் படைப்பு வெளிவரக் கண்டார். ஹார்பின் நகரில் வளர்ந்து, போருக்குப் பின் தாயகம் திரும்பிய உயேதா தோஷிகோவோ, தாம் பிரிந்து வந்த அவ்வூரையே களமாக்கி, அங்கு வாழும் சீனச் சிறுமி ஒருத்தியின் கதையை 1957 முதல் வரைந்தார். 1970களில் ஹாகியோ மோதோ முதலிய இளம்பெண்கள் இத்துறையைத் தம் கைவசமாக்கிக்கொண்டனர்.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டிய உண்மை ஒன்று. அப்பெண்கள் அரண்மனையிலிருந்தோ கலைக்கல்லூரியிலிருந்தோ மட்டும் வரவில்லை. வலை பின்னும் ஆலையிலிருந்தும் புலம்பெயர்ந்த குடும்பத்திலிருந்தும் வந்தனர். படித்த சிறுமியே பின்னர் வரைந்த பெண்ணானாள். இந்தச் சங்கிலி அங்கே இணைந்தது; இங்கே நெடுங்காலம் இணையவில்லை.

சுகி என்னும் பெண்

இந்தியாவில் அந்த இணைப்புக்கு முயன்றவர் என்ற வகையில் மஞ்சுளா பத்மநாபன் நம் கவனத்துக்கு உரியவராகிறார். 1953இல் டில்லியில் பிறந்தார். தந்தையார் அயலுறவுப் பணியில் இருந்தமையால் சுவீடன், பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகளில் இளமை கழிந்தது. ஓரிடத்தும் வேரூன்றாத அவ்வாழ்க்கை, எதனையும் சற்று விலகி நின்று நோக்கும் பார்வையை அவருக்கு அளித்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு.

1982இல் பம்பாயின் சண்டே அப்சர்வர் வார ஏட்டில் ‘டபிள் டாக்’ என்னும் தொடரை அவர் தொடங்கினார். அதன் நாயகி சுகி. சீப்புக்கு அடங்காத சுருட்டை முடி, அகன்ற கண்கள், உரையாடத் துணையாகச் சோங்கி என்னும் தவளை. அழகி என்று எவரும் சொல்லமாட்டார்கள். அழகற்றவள் என்று இரங்கவும் மாட்டார்கள். சுகியின் தோற்றம் கதைக்கு ஒரு பொருட்டே அன்று. இதுதான் புதுமை. 1990களில் டில்லியின் பயனியர் நாளேட்டில் சுகி மீண்டும் தோன்றினாள். 2005இல் அத்தொடரின் தொகுப்பு நூலாயிற்று. பின்னர்ச் சென்னையிலிருந்து வெளிவரும் பிசினஸ்லைன் நாளிதழின் வார இணைப்பில் ‘சுகியாக்கி’ என்னும் பெயரில் தொடர் வெளிவந்தது. சுகியாக்கி என்பது ஜப்பானியர் விரும்பியுண்ணும் உணவொன்றின் பெயர் என்பது இங்கே நினைந்து புன்னகைக்கத்தக்கது.

சுகியின் நகைச்சுவை எத்தகையது? தொல்காப்பியர் நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளார். அவற்றுள் எள்ளலை உரையாசிரியராகிய பேராசிரியர் இருவகைப்படுத்துவார்: பிறரை இகழ்ந்து தான் சிரிப்பது ஒரு வகை, தன்னைப் பிறர் இகழ்ந்தவிடத்துத் தானே சிரிப்பது இன்னொரு வகை. நம் வார இதழ்த் துணுக்குகளை இவ்வளவைக் கொண்டு அளந்து பார்க்கலாம். பூரிக்கட்டை ஏந்திய மனைவி, புடவைக் கடையில் நின்று நகராத மனைவி, சமைக்கத் தெரியாத புதுமணப்பெண் எனப் பெண் அங்கே எள்ளப்படுபவளாகவே வருகிறாள், சிரிப்பவள் அவளல்லள். சுகியிடம் இரண்டாம் வகை எள்ளல் வாய்க்கிறது. உலகம் தன்னை நகைக்கும்போது அவளும் நகைக்கிறாள். நகைத்தபடியே, ஏன் நகைக்கிறீர்கள் என்று வினவுகிறாள். எள்ளப்பட்டவள் எள்ளலைத் தன் வசமாக்கிக்கொள்ளும் இந்நிலை, பெண்ணைப் பற்றிய நகைச்சுவைக்கும் பெண்ணின் நகைச்சுவைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிவிடுகிறது.

இதனை அன்றைய வாசகர் அனைவரும் ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. சிரிப்பே வரவில்லை எனக் குறைகூறியோர் இருந்தனர். பெண்ணைப் பார்த்துச் சிரிக்கப் பழகியவர்க்குப் பெண்ணோடு சேர்ந்து சிரிப்பது உடனே கைவருவதன்று.

முகத்தின் பின்னால் பேசுபவர்

இக்கலைஞரின் உள்ளக் கிடக்கையை அறிய அவருடைய நாடகம் ஒன்று துணைபுரிகிறது. ‘ஹார்வெஸ்ட்’ என்னும் அந்நாடகம் 1997இல் கிரேக்க நாட்டு ஒனாசிஸ் பரிசைப் பெற்றது. பின்னர்க் கோவிந்த் நிஹலானி அதனைத் திரைப்படமாகவும் ஆக்கினார். வறுமையால் வாடும் பம்பாய்க் குடும்பம் ஒன்று, செல்வ நாட்டார் ஒருவருக்குத் தன் உடல் உறுப்புகளை விலைபேசுகிறது. வீட்டின் நடுவே தொங்கும் கருவியில் ஜின்னி என்னும் அழகிய பெண்ணின் முகம் தோன்றி, அக்குடும்பத்தின் உணவையும் நடத்தையையும் கண்காணிக்கிறது. இறுதியில் தெரிய வருவது யாது? ஜின்னி என்று ஒருத்தியே இல்லை. அம்முகம் கணிப்பொறியால் வரையப்பட்ட உருவம்; பின்னிருந்து பேசியவன் ஓர் ஆண். மருமகள் ஜெயா மட்டுமே அம்முகத்துக்குப் பணிய மறுக்கிறாள். என்னை வேண்டுமானால் நேரில் வா என்கிறாள்.

அழகிய பெண்முகத்தை முன்னிறுத்தி, பின்னிருந்து ஆண் பேசுவது! பத்திரிகைச் சித்திரங்களைப் பற்றி நாம் மேலே கண்ட நிலை இங்கே அச்சமூட்டும் நாடகமாக விரிந்திருக்கிறது. சுகியை வரைந்த கையே ஜின்னியையும் படைத்தது என்பதை மறத்தலாகாது. ஒன்று, பெண் தானே தன்னை வரைந்துகொண்ட உருவம். மற்றொன்று, பெண்ணைக் கருவியாக்கி வரைந்த உருவம். இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்துப் பயில்வோர்க்கே மஞ்சுளாவின் கலை முழுமையாகப் புலப்படும் என்பது எம் துணிபு.

2008இல் வெளிவந்த ‘எஸ்கேப்’ நாவலில் இவ்வெண்ணம் இன்னும் ஓர் எல்லைக்குச் செல்கிறது. பெண்ணினமே அழிக்கப்பட்ட நாட்டில், மூன்று சிற்றப்பன்மார் மறைத்து வளர்க்கும் ஒரே சிறுமி அதன் நாயகி. தன்னைப் போன்ற மற்றொரு முகத்தை அவள் கண்டதே இல்லை. தன்னை ஒத்த உருவம் எதனையும் காணாது வளரும் பெண், தான் யார் என்பதை எவ்வாறு அறிவாள்? சிறுமியர்க்குச் சித்திரக்கதை எதற்கு என்று கேட்போர்க்கு இந்த வினாவே விடை.

குறைகளும் உண்டு

புகழுரை மட்டும் திறனாய்வு ஆகாது. சுகி ஆங்கிலம் பேசுபவள், பெருநகரத்தாள். அவளுக்குத் தவளையோடு உரையாட நேரம் இருக்கிறது. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டைக் கடந்து ஏலக்காட்டுக்கு வரும் பெண்ணுக்கு அந்த நேரம் இல்லை. கூலி, ரேஷன், பிள்ளையின் காய்ச்சல் என்பன சுகியின் உலகத்தில் எட்டிப் பார்ப்பதில்லை. மேலும், தொடரின் பெயருக்கேற்பப் பேச்சே அங்கு மிகுதி. சில நாள்களில் சித்திரம் பேச்சுக்கு ஆசனமிட்டு ஒதுங்கி நிற்கிறது. ஜப்பானியப் பெண் கலைஞர்கள் பக்கம் முழுவதையும் உணர்ச்சியின் களமாக விரித்ததுபோல, நாளேட்டின் சிறு கட்டத்துக்குள் அவரால் விரிக்க இயலவில்லை. அது இதழின் வரம்பு என்று அமைதி கூறலாம்; எனினும் குறை குறையே.

ஆனால் இக்குறையைப் பிற்காலத்தில் அவரே பெரிதும் ஈடுசெய்தார். சென்னைத் தூலிகா பதிப்பகத்துக்காக அவர் எழுதி வரைந்த சிறுவர் நூல்களைக் கருதிச் சொல்கிறோம். தூலிகாவின் வெளியீடுகள் தமிழ், மலையாளம் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் வருவன. ‘வேர்ஸ் தட் கேட்’ என்னும் நூலில் மின்னி என்னும் சிறுமி, பூனி என்னும் தன் பூனையைத் தேடித் தெருவெங்கும் அலைகிறாள். கதை அவ்வளவே. ஆயின் பக்கத்துக்குப் பக்கம் விரியும் தெருவும், கடையும், மனிதரும் நாம் அறிந்தவர்கள். இங்கே சிறுமி பார்க்கப்படுபவள் அல்லள், தேடுபவள், பார்ப்பவள். படிக்கும் குழந்தையின் கண்ணும் அவளுடைய கண்ணைப் பின்பற்றியே செல்கிறது. ‘ஐ ஆம் டிஃபரெண்ட்’ என்னும் மற்றொரு நூல், பல உருவங்களுக்கிடையே வேறுபட்ட ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. அந்த வினாவைப் பல மொழிகளில் கேட்கிறது. வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு, வேறுபட்டிருத்தல் இழிவன்று, விளையாட்டு என்று கற்பிக்கும் நூல் இதனினும் ஏற்றது வேறில்லை. 2005இல் வந்த ‘அன்பிரின்செஸ்’ கதைகளின் நாயகியர் மூவரும் இளவரசியர் அல்லர் என்பதைத் தலைப்பே அறிவிக்கிறது.

பெங்களூரில் ‘கீதா’ என்னும் குடும்பத் தொடரை வரைந்து, பின்னர் அரசியல் கேலிச்சித்திரத் துறையிலும் புகுந்து, 2001இல் மறைந்த மாயா காமத், 2008இல் ‘கரி’ என்னும் சித்திர நாவலைத் தந்த அம்ருதா பாட்டீல் ஆகியோரையும் இவ்வரிசையில் வைத்து எண்ண வேண்டும். வழி ஒருவர் நடந்தால் தடம். பலர் நடந்தால்தான் சாலை.

நம் மலைக்கு வரவேண்டியவள்

இனி, நம்மிடம் வருவோம். திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கங்காணிமாரோடு மலையேறி வந்த நம் முன்னோரின் கதையை எழுதியவர்கள் உள்ளனர். வரைந்தவர்கள்? நம் பாட்டிமாரும் தாய்மாரும் வாசலில் நாள்தோறும் வரைந்தே வந்துள்ளனர். ஆயினும் புள்ளிக் கோலத்தில் முகம் இல்லை, பேச்சும் இல்லை, பொழுது ஏறினால் அதுவும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இம்மலையில் ஆசிரியப் பணி செய்தபோது, உங்கள் வீட்டில் ஒருவரை வரைந்து வாருங்கள் என்று வகுப்பில் சொன்னேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கணக்குக் குறிப்பேட்டின் கடைசித் தாளில் வரைந்து வந்தாள். தலையில் முண்டாசு, முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு, கையில் தூக்குச்சட்டி. ஒரு பெண்ணின் பின்புறத் தோற்றம். முகம் எங்கே அம்மா என்று கேட்டேன். “காலையில போகையில முதுகத்தான் சார் பாப்பேன்” என்றாள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வகுப்பு நேரமாயிற்று என்று பாடத்துக்குப் போய்விட்டேன். அந்தத் தாளை நான் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ஆண்டிறுதியில் குறிப்பேட்டோடு அதுவும் பழைய தாள்காரரிடம் போயிருக்கும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வருத்தமே என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

தேயிலைப் பொட்டலத்தின் மேல் சிரிப்பவளை வரைந்தவருக்கு எட்டாத ஒன்று அச்சிறுமிக்கு எட்டியிருந்தது. தாயின் முதுகைத் தினமும் பார்த்து நின்ற மகளால்தான் அதை வரைய இயலும். மஞ்சுளா பத்மநாபனின் கலை நமக்குச் சொல்வதும் இதுவே: உன் தலைமயிர் அடங்காவிட்டாலும், உன் பேச்சுக்குப் பிறர் சிரிக்காவிட்டாலும், நீ காண்பதை நீயே வரை.

2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்து, ஆண் தலைவர்களை விலக்கி நிறுத்தி, போனசுக்காகத் தாமே பேசினர். பெம்பிளை ஒருமை என்று உலகம் அதனை அறிந்தது. நமக்காக வேறொருவர் பேசவேண்டா என்று அன்னையர் அன்று கண்டனர். நமக்காக வேறொருவர் வரையவும் வேண்டா என்று மகளிர் காணும் நாள் வரவேண்டும்.

அதற்குத் தமிழ்ச் சங்கத்தார் செய்யத்தக்கது பெரிதன்று. ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டிக்கும் பாட்டுப் போட்டிக்கும் அளிக்கும் இடத்தைச் சித்திரக்கதைக்கும் அளிக்கலாம். சங்க நூலகத்தில் இக்கலைஞரின் சிறுவர் நூல்களை வாங்கி வைக்கலாம். அடுத்த மலரில் நம் பெண் பிள்ளைகள் வரைந்த நான்கு பக்கங்களை அச்சிடலாம். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் மகள் குறிப்பேட்டின் கடைசித் தாளில் எதையேனும் வரைந்திருந்தால், பழைய தாளுக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

பளிக்கறையுள் நின்ற மணிமேகலை அங்கேயே நின்றுவிடவில்லை. வெளியே வந்தாள், அமுதசுரபியை ஏந்தினாள், பசித்தோர் பலருக்கு அன்னமிட்டாள். நம் மலையிலும் ஒருத்தி வெளியே வருவாள். அவள் கையில் இருக்கப்போவது ஒரு பென்சிலாகவும் இருக்கலாம்.